‘படிப்பு ஏறாத பிள்ளை’ என்று ஒரு பிள்ளை உண்டா?

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியானதும் பசறை, நமுனுகுலை, ஹப்புத்தளைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலைகளின் வாசல்களில் பதாகைகள் ஏறுகின்றன. வெட்டுப்புள்ளியைத் தாண்டிய இரண்டு மூன்று பிள்ளைகளின் படம், பக்கத்தில் அதிபரின் படம், கற்பித்த ஆசிரியையின் படம். நல்ல காரியந்தான். குப்பி விளக்கில் படித்து வந்த சமூகம் இது. ஒரு பிள்ளை தேறினால் தோட்டமே தேறியது போல மகிழ்வதில் தவறில்லை. ஆனால் அதே வகுப்பின் கடைசி வாங்கில் இருந்த நாலைந்து பிள்ளைகளுக்கு என்ன நடந்தது என்று எவரும் கேட்பதில்லை. ஐந்து வருடங்கள் பாடசாலைக்கு வந்தும் தம் பெயரைத் தவிர வேறெதையும் வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் அவர்கள். அடுத்த கல்வியாண்டில் அவர்களும் 6ஆந் தரத்துக்கு ஏற்றப்படுவார்கள். வாசிக்கத் தெரியாத பிள்ளை வரலாற்றுப் புத்தகத்தையும் விஞ்ஞானப் புத்தகத்தையும் சுமந்துகொண்டு இரண்டு மைல் நடப்பான். பிறகொரு நாள் நடக்காமல் விட்டுவிடுவான்.

“அவனுக்குப் படிப்பு ஏறாதுங்க” என்று தாய் சொல்கிறார். “மண்டையில ஒண்ணும் நிக்கிறதில்ல” என்று ஆசிரியர் சொல்கிறார். தோட்டத்தில் பெரும்பாலும் இவ்விரண்டு வசனங்களோடு ஒரு பிள்ளையின் கல்வி முடிந்துவிடுகிறது. தீர்ப்பு வழங்கப்பட்டுவிட்டது, விசாரணைதான் நடக்கவில்லை. ஏன் ஏறவில்லை? காது கேட்கிறதா? கரும்பலகை தெரிகிறதா? காலையில் எதையாவது சாப்பிட்டு வந்தானா? மற்றப் பிள்ளைகளுக்குப் பிடிபடுவது போல எழுத்துகள் அவனுக்குப் பிடிபடுகின்றனவா? வீட்டில் இரவு நிம்மதியாகத் தூங்க முடிகிறதா? இக்கேள்விகளைக் கேட்டு, விடையைத் தமிழில் தேடித் தருவதற்கு ஊவாத் தோட்டங்களுக்கு எட்டும் தூரத்தில் ஓர் ஏற்பாடு வேண்டும். அது வரும்வரை எந்தப் பிள்ளையையும் ‘படிப்பு ஏறாத பிள்ளை’ என்று சொல்ல எவருக்கும் உரிமை கிடையாது என்பதே எமது வாதம்.

இந்த மனப்பான்மை இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம் தோட்டப் பிள்ளைகளுக்குப் பாடசாலை நடத்தும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகங்களின் மீது சுமத்தியது. நிர்வாகம் ஒரு கொட்டகையைப் போட்டு, ஓர் ஆசிரியரை வைத்து, பேருக்குப் பள்ளிக்கூடம் நடத்தியது. கொழுந்து பறிக்கிற கைக்குக் கையெழுத்து எதற்கு என்பது அன்றைய துரைமாரின் கணக்கு. 1970களின் பிற்பகுதியிலிருந்துதான் அரசு இப்பாடசாலைகளை முழுமையாகப் பொறுப்பேற்றது. 1980களில் சுவீடனின் சீடா உதவியோடு கட்டடங்கள் எழுந்தன. ஜேர்மனியின் உதவியோடு உருவான பத்தனை ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி, 1990களில் தோட்டத்துப் பிள்ளைகளையே ஆசிரியர்களாக்கி அனுப்பியது. 5 வயதிலிருந்து 14 வயதுவரை கட்டாயக் கல்வி 1998இல் நடைமுறைக்கு வந்து, 2016இல் 16 வயதுவரை நீடிக்கப்பட்டது. இவ்வளவும் சேர்ந்து பிள்ளையை வகுப்பறை வாசலைத் தாண்டி உள்ளே கொண்டுவந்தன. உள்ளே வந்த பிள்ளை கற்கிறதா என்ற கேள்வி இனித்தான் கேட்கப்பட வேண்டும்.

காதும் கண்ணும் வயிறும்

மிக எளிய காரணங்களிலிருந்து தொடங்குவோம். குளிரும் ஈரமும் அடுப்புப் புகையும் நிறைந்த லயக் காம்பிராவில் வளரும் பிள்ளைக்குச் சளியும் காதில் சீழ் வடிதலும் சர்வ சாதாரணம். “காது ஒழுகுது” என்று எண்ணெயைக் காய்ச்சி விட்டுவிட்டு மறந்துவிடுகிறோம். மாதக்கணக்கில் சீழ் வடிந்த காது சரிவரக் கேட்பதில்லை. ஆசிரியர் சொன்னது ‘பல்’லா, ‘கல்’லா, ‘பால்’ஆ என்று தெரியாத பிள்ளை, பக்கத்துப் பிள்ளையின் வாயைப் பார்த்துத் தானும் வாயசைக்கப் பழகிக்கொள்கிறது. வகுப்பே ஒன்றாகக் கத்திப் பாடம் சொல்லும் இடத்தில் இதைக் கண்டுபிடிப்பது கடினம். இரண்டு வருடங்கள் போன பின் அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கும் பட்டம் ‘மக்கு’.

கண்ணும் அப்படித்தான். பிறந்ததிலிருந்து மங்கலாகவே பார்த்து வந்த பிள்ளைக்கு, மற்றவர்களுக்குத் தெளிவாகத் தெரிகிறது என்பதே தெரியாது. ஆகவே அது முறையிடுவதுமில்லை.

சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலிருந்து பாடசாலை மருத்துவப் பரிசோதனைக்கு வருகிறார்கள். 1ஆம், 4ஆம், 7ஆம், 10ஆந் தரப் பிள்ளைகள் பரிசோதிக்கப்பட வேண்டும் என்பது ஏற்பாடு. குறை தென்பட்டால் பெரியாஸ்பத்திரிக்குத் துண்டு கொடுக்கிறார்கள். அந்தத் துண்டுக்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. மடுல்சீமையின் மேற்பிரிவொன்றிலிருந்து பதுளை போதனா வைத்தியசாலைக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்வர ஒரு முழு நாள் வேண்டும். தாய்க்கு அன்றைய பேர் போய்விடும். பஸ் காசு, கடைச் சாப்பாடு, ஒரு வேளை மறுபடியும் வரச் சொன்னால் இன்னொரு பேர். கண்ணாடி எழுதிக் கொடுத்தால் அதற்கு எத்தனை பேர் என்று அந்தத் தாய் பஸ்ஸிலேயே எண்ணிப் பார்த்துவிடுவாள். துண்டு காம்பிராச் சுவரில் செருகப்பட்டுப் புகை பிடித்துப் போகிறது. இதைப் பெற்றோரின் அசட்டை என்று கூட்டங்களில் பேசுகிறவர்கள், அரைப்பேருக்காகக் கங்காணியிடம் வாதாடி நின்ற அனுபவம் இல்லாதவர்கள் என்றே எண்ணத் தோன்றுகிறது.

அடுத்தது வயிறு. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 17.3 பேர், தோட்டத்துறையில் 31.7 பேர். கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பிள்ளை. குள்ளமாக வளர்வது உயரத்தோடு நின்றுவிடுகிற குறையன்று. முதல் இரண்டு மூன்று வயதில் போதிய போசாக்கும் இரும்புச் சத்தும் கிடைக்காத பிள்ளையின் மூளை வளர்ச்சியும் கவனமும் நினைவாற்றலும் பாதிக்கப்படுகின்றன. வெறும் தேத்தண்ணீரோடு வந்து காலைக் கூட்டத்தில் கண் சொருகி நிற்கும் பிள்ளையைப் பார்த்து “தூங்குமூஞ்சி” என்று சொல்லும்போது, நாம் திட்டுவது அதன் இரத்தத்தில் இல்லாத இரும்பை.

எழுத்தோடு மல்லுக்கட்டும் பிள்ளை

இவையெல்லாம் சரியாக இருந்தும் வாசிக்க முடியாத பிள்ளைகள் உண்டு. வாய் நிறையப் பேசுவான். மாட்டுக்குப் புல் எங்கே நல்லது, எந்த ஓடையில் எப்போது தண்ணீர் ஏறும், கடையில் மிச்சக் காசு எவ்வளவு என்பதெல்லாம் விரல் நுனியில் இருக்கும். புத்தகத்தைத் திறந்தால் மட்டும் திணறுவான். ‘டிஸ்லெக்ஸியா’ என்று வைத்தியர்கள் பெயரிட்டிருக்கும் இந்த வாசிப்பு இடர்பாடு புதிதாக வந்த நோயுமன்று, நோயுமன்று. 1896இலேயே பிரிங்கிள் மோர்கன் என்ற ஆங்கில வைத்தியர், 14 வயதாகியும் வாசிக்க முடியாதிருந்த ஒரு பையனைப் பற்றி எழுதினார். பாடம் முழுவதையும் வாய்மொழியாகவே நடத்தினால் பாடசாலையிலேயே கெட்டிக்காரன் அவன்தான் என்பது அப்பையனின் ஆசிரியருடைய கருத்து. நூற்றிருபத்தைந்து வருடங்களுக்கு மேலாகியும் அந்த ஆங்கில ஆசிரியருக்குத் தெரிந்த உண்மை எமது பல பாடசாலைகளுக்கு வந்து சேரவில்லை.

ஆங்கிலத்தைப் பற்றிச் சொல்வதை அப்படியே தமிழுக்குப் பொருத்திவிடவும் முடியாது. தமிழில் எழுதியபடியே பெரும்பாலும் வாசிக்கலாம். ஆகையால் இவ்விடர்பாடுள்ள பிள்ளையும் காலப்போக்கில் ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி எப்படியோ வாசித்துவிடும். ஆனால் மிக மெதுவாக. வசனத்தின் முடிவுக்கு வரும்போது தொடக்கம் மறந்துபோயிருக்கும். “வாசிக்கத்தான் தெரியுதே, சோம்பேறித்தனம்” என்று ஆசிரியர் நினைப்பது இதனால்தான். 247 எழுத்துகளின் சுமை ஒருபுறமிருக்க, ‘கெ’ என்ற எழுத்தில் கொம்பு முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. ‘கொ’வில் குறி இரண்டு பக்கமும் நிற்கிறது. ‘கடல்’, ‘தங்கம்’, ‘மகள்’ என்ற மூன்றிலும் ககரம் ஒன்றே, ஒலி மூன்று. எமது தோட்டத்துப் பேச்சில் லகர, ளகர, ழகர வேறுபாடு பெரிதாக இல்லை. னகரமும் ணகரமும் ஒன்றுதான். சாதாரணப் பிள்ளை இவற்றையெல்லாம் தானாகவே கடந்துபோகிறது. இடர்பாடுள்ள பிள்ளை ஒவ்வொன்றிலும் தடுக்கி விழுகிறது. அதற்கு மேலே, புத்தகத்தில் ‘கதிரை’ என்றிருக்கிறது, வீட்டில் ‘நாக்காலி’. மலையகப் பிள்ளையின் பேச்சைத் திருத்தப்பட வேண்டிய பிழையாகக் காணும் பாடநூல்களைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுத வேண்டும்.

இப்பிள்ளைகளுக்கு உதவும் முறைகள் விலையுயர்ந்த இயந்திரங்களை வேண்டுவன அல்ல. எழுத்தைக் கண்ணால் பார்த்து, வாயால் ஒலித்து, விரலால் எழுதிப் பழகுவது அவற்றுள் முதன்மையானது. ஏடு தொடக்கும்போது பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுத வைக்கிறோமே, திண்ணைப் பள்ளிகளில் மணலில் எழுதினார்களே, அதுவேதான். கரும்பலகையைப் பார்த்துக் கொப்பியில் எழுதும் பழக்கம் வந்ததும் விரலை மறந்துவிட்டோம். ஒரு நாளைக்கு இருபது நிமிடம், இரண்டு மூன்று பிள்ளைகளாக இருத்தி, தெரிந்த எழுத்திலிருந்து தெரியாத எழுத்துக்கு மெல்ல நகர்ந்தால் முன்னேற்றம் தெரியும். பரீட்சையில் கூடுதல் நேரம் கொடுக்கலாம். வாய்மொழியாக விடை கேட்கலாம். சென்னையில் டிஸ்லெக்ஸியா உள்ள பிள்ளைகளுக்காகப் பெற்றோரும் ஆசிரியரும் 1990களின் தொடக்கத்திலேயே சங்கமாகக் கூடி வேலையைத் தொடங்கிவிட்டார்கள். இந்தியாவின் 2016ஆம் ஆண்டுச் சட்டம் கற்றல் இடர்பாட்டையும் இயலாமை வகைகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டுள்ளது.

செவிடனும் கொன்னை வாயனுமான ஒருவரை இயேசுவிடம் கொண்டுவந்த நிகழ்ச்சியை மாற்கு நற்செய்தி சொல்கிறது. அவர் அம்மனிதரைக் கூட்டத்திலிருந்து தனியே அழைத்துச் சென்று, காதில் விரலை வைத்து, நாவைத் தொட்டுக் குணமாக்கினார் என்று வாசிக்கிறோம். ஏன் தனியே? கூட்டத்தின் முன்னால் அந்த மனிதர் பட்ட அவமானம் போதும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். எமது வகுப்பறைகளில் வாசிக்கத் தெரியாத பிள்ளையை எழுப்பி நாற்பது பேர் முன்னால் வாசிக்கச் சொல்கிறோம். எமது ஞாயிறு மறைக்கல்வி வகுப்பிலும் அதேதான் நடக்கிறது. அடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கல்வி அமைச்சின் 2005ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை பாடசாலையில் உடல்ரீதியான தண்டனையைத் தடைசெய்தது. ஆசிரியர் அறைந்ததால் ஒரு மாணவனின் செவிப்புலன் பாதிக்கப்பட்ட வழக்கில், அது அடிப்படை உரிமை மீறலே என்று உயர் நீதிமன்றம் 2021 பெப்ரவரியில் தீர்ப்பளித்தது. “நல்லா அடிச்சிப் படிப்பிச்சி வுடுங்க சார்” என்று பிள்ளையை ஒப்படைக்கும் பெற்றோருக்கும் இத்தீர்ப்பைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மலை சரிந்த பிறகு

உடம்பில் குறையில்லை, எழுத்தும் தெரியும், ஆனால் திடீரென்று படிப்பில் பின்தங்கிவிட்ட பிள்ளை இன்னொரு வகை. இவர்களைப் பற்றி ஊவாவில் வாழும் எமக்குப் பிறர் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை.

2014 ஒக்டோபர் 29ஆந் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்தில் மலை இறங்கி லயங்களை மூடியது. காலையிலேயே பாடசாலைக்குப் புறப்பட்டுப் போயிருந்ததால் உயிர் தப்பிய பிள்ளைகள் பலர். திரும்பி வந்தபோது அவர்களுக்கு லயமும் இல்லை, சிலருக்குத் தாய் தகப்பனும் இல்லை. அக்கம்பக்கத்துப் பாடசாலைகளே அகதி முகாம்களாயின. பிறகு ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடம் அவர்களுடைய வீடாயிற்று. புதிய வீடுகள் கையளிக்கப்பட 2016 ஒக்டோபர்வரை, ஏறத்தாழ இரண்டு வருடங்கள் சென்றன. ஒரு சின்னப் பிள்ளைக்கு இரண்டு வருடங்கள் என்பது எழுதப் படிக்கப் பழகும் காலம் முழுவதும்.

அக்காலத்தில் உடுப்பும் கொப்பியும் புத்தகப்பையும் லொறி லொறியாக வந்தன. கொடுத்தவர்களுக்கு நன்றி. ஆனால் மழை இரைந்தால் எழுந்து உட்காரும் பிள்ளை, பத்து வயதில் மறுபடியும் படுக்கையை நனைக்கத் தொடங்கிய பிள்ளை, யாருடனும் பேசாமல் கொப்பியில் கோடு கிழித்துக்கொண்டே இருக்கும் பிள்ளை, இவர்களுக்குப் புத்தகப்பை மருந்தாகாது. பயந்த மனம் படிப்பை ஏற்காது என்பதற்குப் பெரிய விஞ்ஞானம் தேவையில்லை. காலம் ஆற்றும் என்பார்கள். பல பிள்ளைகளுக்குக் காலம் ஆற்றத்தான் செய்கிறது. பழைய கூட்டாளிகளும் வழக்கமான பாடசாலை நாளும் நம்பத் தகுந்த ஒரு பெரியவரும் இருந்தால் பெரும்பாலான பிள்ளைகள் தேறிவிடுகிறார்கள் என்பது 2004 சுனாமிக்குப் பிறகு இந்நாடு முழுவதிலும் கண்ட அனுபவம். தேறாத சில பிள்ளைகளுக்குத்தான் தனி உதவி தேவை. அந்தச் சிலர் யார் என்று அறிய மாதங்கள் கழித்தும் ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும். லொறிகள் நின்ற பிறகு போகிறவர் யார்?

மீரியபெத்தையோடு இது முடியவுமில்லை. 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையில் மண் சரிந்து குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. 2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ புயல் மலைநாட்டைக் குலைத்தபோது பதுளை மாவட்டமும் மிக மோசமாக அடிபட்டது. சரிவு அபாயமுள்ள இடங்களில் இன்னும் லயங்கள் இருக்கின்றன. அங்கிருந்தும் பிள்ளைகள் பாடசாலைக்கு வருகிறார்கள். மழைக் காலத்தில் அப்பிள்ளைகளின் வருகைப் பதிவேட்டை மட்டும் ஒருமுறை எடுத்துப் பார்க்கும்படி அதிபர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

மலை சரியாத வீடுகளிலும் மனம் சரிகிறது. தாய் குவைத்திலோ சவுதியிலோ இருக்க, பாட்டியிடம் வளரும் பிள்ளை; தகப்பன் குடித்துவிட்டு வரும் இரவுகளில் தங்கையோடு பக்கத்துக் காம்பிராவில் போய்ப் படுக்கும் பிள்ளை. பன்னிரண்டுக்குப் பத்து அடி அறையில் ஆறு பேர் வாழும் வீட்டில் பிள்ளைக்கு மறைக்கப்படுவது எதுவுமில்லை. இப்பிள்ளை மறுநாள் வகுப்பில் சண்டை பிடிக்கும், அல்லது கல்லாகிவிடும். சண்டை பிடிப்பவனுக்கு அடி கிடைக்கிறது. கல்லாகிவிட்ட பிள்ளையை “அமைதியான பிள்ளை” என்று பாராட்டுகிறோம். எனக்கு அதிகம் கவலை தருவது இந்த இரண்டாவது பிள்ளைதான்.

பதின்மூன்று வயதுக்குப் பிறகு

இப்படி எந்தக் காரணமும் ஆராயப்படாமல் மேல் வகுப்புக்கு வந்த பிள்ளை பதின்மூன்று, பதினான்கு வயதில் இடைவிலகுகிறது. பையன் கொழும்புக் கடைக்கு. பெண் பிள்ளை யாருடையதோ வீட்டுக்கு. 2009 ஓகஸ்டில் மஸ்கெலியா பக்கத்திலிருந்து கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போன இரண்டு சிறுமிகள் கால்வாயொன்றில் பிணமாகக் கண்டெடுக்கப்பட்டனர். 2021 யூலையில் கொழும்பில் அரசியல்வாதி ஒருவரின் வீட்டில் வேலைக்கு இருந்த டயகமச் சிறுமி தீக்காயங்களால் இறந்தாள். ஊர்வலங்கள் நடந்தன, தரகர்கள் தூற்றப்பட்டனர். வேலைக்கு அமர்த்தும் ஆகக் குறைந்த வயது 16 ஆக உயர்த்தப்பட்டதும் அதே 2021இல்தான். வறுமைதான் இதற்குக் காரணம் என்று எல்லோரும் சொன்னோம், அது உண்மை. ஆயினும் அதே லயத்தில், அதே வறுமையில், நன்றாகப் படிக்கும் பிள்ளையை எந்தப் பெற்றோரும் இலகுவில் அனுப்புவதில்லை. கடன் வாங்கியாவது படிக்க வைக்கிறார்கள். தரகர் வந்து கேட்கும்போது ‘படிப்பு ஏறாத’ பிள்ளையைத்தான் முதலில் காட்டுகிறோம்.

வீட்டோடு இருந்துவிடும் இளைஞர் யுவதிகளின் மனநிலையும் கவனத்துக்குரியது. தற்கொலை வீதத்தில் 1995இல் உலகிலேயே முன்னணியில் நின்ற நாடு இது. கொடிய பூச்சிநாசினிகள் ஒவ்வொன்றாகத் தடைசெய்யப்பட்ட பின் அந்த வீதம் பாதிக்கும் கீழே இறங்கியது. ஒரு நல்ல ஏற்பாடு நூறு பிரசங்கம் செய்யாததைச் செய்யும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக்கிய சட்டப் பிரிவு 1998இலேயே நீக்கப்பட்டுவிட்டது. அப்படியிருந்தும் “பொலிஸ் கேஸாகிவிடும்” என்ற பயத்தில் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தயங்கும் குடும்பங்கள் தோட்டத்தில் இன்னமும் உண்டு. “செத்துப்போகலாம் போல இருக்கு” என்று ஒரு பிள்ளை சொன்னால் அதை நாடகமென்று தள்ளக் கூடாது. பக்கத்தில் இருந்து கேட்க வேண்டும், தனியே விடக் கூடாது. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம். சிறுவர் துன்புறுத்தப்பட்டால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929. இவ்விரு இலக்கங்களையும் கோயில் வாசலிலும் பெரட்டுக் களத்திலும் பெரிய எழுத்தில் எழுதி வைக்கலாம்.

எதைக் கேட்கிறோம்?

சட்டம் இல்லாத குறை எமக்கில்லை. 1994இல் ஸ்பெயினின் சலமன்கா நகரில் 92 அரசுகள் கூடி, எல்லாப் பிள்ளைகளுக்கும் சாதாரணப் பாடசாலையிலேயே இடம் என்று பிரகடனம் செய்தன. இலங்கையின் 1996ஆம் ஆண்டு 28ஆம் இலக்கச் சட்டம், இயலாமையைக் காரணங்காட்டிப் பாடசாலையில் சேர்க்க மறுக்கக் கூடாது என்கிறது. பெரிய பாடசாலைகள் சிலவற்றில் விசேட கல்வி அலகுகளும் இருக்கின்றன. டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளையை, ஓட்டிசம் உள்ள பிள்ளையை, பஸ் ஏற்றித் தினமும் பட்டணத்துக்கு அனுப்பக் கூடியவர்களுக்கு அவை பயன்படும். தோட்டப் பிரிவில் இருப்பவர்களுக்கு அவை இருந்தும் இல்லாதவையே. ஆகவே அலகுகளின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள் என்று கேட்பதை நான் முதற் கோரிக்கையாக வைக்கமாட்டேன்.

முதற் கோரிக்கை மொழி பற்றியது. கற்றல் இடர்பாட்டையும் மனநிலையையும் இரத்தம் போலக் குழாயில் எடுத்துப் பரிசோதிக்க முடியாது. பேசித்தான் அறிய வேண்டும். பிள்ளையின் மொழி தெரியாதவர் பிள்ளையின் வாசிப்பை எப்படி மதிப்பிடுவார்? பேச்சுச் சிகிச்சையாளர்களும் சிறுவர் உளநல நிபுணர்களும் பெரும்பாலும் கொழும்பையும் ராகமையையும் சுற்றியே இருக்கிறார்கள். அவர்களில் தமிழ் பேசுகிறவர்கள் மிகச் சிலர். கிளினிக்கில் சிற்றூழியர் ஒருவரைப் பிடித்து மொழிபெயர்க்க வைத்து, “இவனுக்கு இரவில் பயமா?” என்று கேட்டால் எந்தப் பிள்ளை வாய் திறக்கும்? 1987 முதல் தமிழும் அரச கரும மொழி. பதுளை மாவட்டத்தில் 2012 குடிசன மதிப்பீட்டின்படி இந்தியத் தமிழர் ஏறக்குறைய ஒன்றரை இலட்சம். பதுளை, பண்டாரவளை கல்வி வலயங்களில் தமிழ்ப் பாடசாலைகளுக்கென்று பயிற்சி பெற்ற தமிழ் பேசும் விசேட கல்வி ஆசிரியர்களையும், வைத்தியசாலையில் தமிழ் பேசும் உளவளத்துணையாளர் ஒருவரையும் கேட்பது சலுகை கேட்பதாகாது.

இரண்டாவது, தோட்டத்துக்குள்ளேயே கண்டுபிடிக்கும் ஏற்பாடு. முன்னர் பிள்ளைமடுவம் என்றோம், இன்று சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்கிறோம். கைக்குழந்தையாக வந்த நாள் முதல் பிள்ளையைத் தினமும் பார்க்கிறவர் அங்குள்ள உத்தியோகத்தர். கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை, இரண்டு வயதாகியும் பேசாத பிள்ளை யாரென்று அவருக்கே முதலில் தெரியும். அவருக்கும் குடும்பநல உத்தியோகத்தருக்கும் 1ஆந் தர ஆசிரியைக்கும் இடையில் ஒரு தொடர்பு இருந்தால் பாதி வேலை 5 வயதுக்கு முன்பே முடிந்துவிடும். ஆசிரியர்களை மட்டும் குற்றஞ்சாட்டிப் பயனில்லை. சொற்ப மாதக் கொடுப்பனவுக்கு ஆசிரிய உதவியாளர்களாகச் சேர்ந்து, வகுப்பையும் நடத்தி, பயிற்சியையும் முடித்தவர்கள் அவர்களுள் பலர். கற்றல் இடர்பாடு பற்றி ஒரு வாரப் பயிற்சியாவது அவர்களுக்குக் கொடுத்துவிட்டுக் கணக்குக் கேட்பதே நியாயம்.

மூன்றாவது திருச்சபையிடம். இந்நாட்டில் செவிப்புலன், கட்புலன் இழந்த பிள்ளைகளுக்கான முதற் பாடசாலையை 1912இல் தொடங்கியவர் மேரி செப்மன் என்ற ஆங்கிலிக்கன் மிஷனரிப் பெண்மணி. அரசு கேட்டு அவர் அதைச் செய்யவில்லை. 1972இல் பதுளை மறைமாவட்டம் உருவானபோது கண்டி ஆயர் பதவியை விட்டுவிட்டு இந்த வறிய மறைமாவட்டத்துக்குத் தாமாகவே வந்தவர் ஆயர் லியோ நாணயக்கார; தோட்டத் தொழிலாளரோடும் கிராமத்து மக்களோடும் சேர்ந்து நிற்பதே சபையின் வேலை என்று வாழ்ந்து காட்டி 1982இல் மறைந்தார். அந்த வழியில் வந்தவர்கள் புலமைப்பரிசில் பாராட்டு விழாவோடு நிறுத்திக்கொள்ள முடியாது. செய்வினை, குலதெய்வக் குற்றம், முன்னோர் பாவம் என்று பெற்றோர் அலையும்போது, நேர்த்தி வைக்க வேண்டாமென்று சொல்ல வேண்டியதில்லை. அதோடு காதையும் காட்டுங்கள் என்று சொல்லலாம். கோயில் மண்டபங்கள் வாரத்தில் ஆறு நாட்கள் பூட்டிக் கிடக்கின்றன. க.பொ.த. உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் யுவதிகள் ஒவ்வொரு தோட்டத்திலும் இருக்கிறார்கள். அவர்களில் இருவருக்குப் பயிற்சியளித்து, மாலையில் நாலைந்து பிள்ளைகளை இருத்தி மணலில் எழுத வைக்கப் பெரிய நிதியுதவி எதுவும் தேவைப்படாது.

வைத்தியசாலைத் துண்டு விடயத்திலும் பங்குகள் உடனடியாகச் செய்யக்கூடிய ஒன்று உண்டு. மாதத்தில் ஒரு நாளைக் குறித்து, துண்டு கிடைத்த பிள்ளைகள் எல்லோரையும் ஒரே வாகனத்தில் பதுளைக்குக் கூட்டிக்கொண்டு போகலாம். சிங்களமும் தமிழும் தெரிந்த ஒருவர் கூடப் போக வேண்டும். பத்துத் தாய்மாரின் பேர் போவதற்குப் பதிலாக மூவரின் பேர் போகும். அதைப் பங்கு ஈடுசெய்துவிடலாம். நாள் குறிக்கும்போது சம்பள நாளையும் அதற்கு மறுநாளையும் தவிர்த்துக்கொள்ளவும். அந்த இரண்டு நாட்களில் தாய்மார் வீட்டை விட்டு நகரமாட்டார்கள்.